தண்ணீர் நின்றதா, தகவல் நின்றதா?

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊரின் குடிநீர் நீரேற்று நிலையங்களுக்காக எழுதப்பட்ட கண்காணிப்பு மென்பொருளைச் சரிபார்க்கும் பணியில் இருந்தேன். ஒரு நாள் இரவு முழுவதும், மேல்நிலைத் தொட்டி ஒன்றின் நீர்மட்டம் திரையில் 2.40 மீட்டர் என்று பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. விடியற்காலையில் தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் தண்ணீர் ஓடுவதாகத் தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தபோது, நிலையத்தின் மோடம் முந்தைய இரவு 11 மணிக்கே செயலிழந்திருந்தது தெரிந்தது. கடைசியாக வந்த எண்ணை மென்பொருள் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதையே அந்த நொடியின் அளவு போல விடியும் வரை காட்டியிருக்கிறது. மையத்தில் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நம்பிக்கையில், பம்பு இயக்குபவரும் ஏணியில் ஏறித் தொட்டியை எட்டிப்பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டிருந்தார்.

அந்த மென்பொருளில் வரைபடங்கள் அழகாக இருந்தன, அறிக்கைகள் ஒழுங்காக வந்தன, கைபேசிச் செயலியும் இருந்தது. பம்பு நிற்பதையும் பம்பைப் பற்றிய செய்தி நிற்பதையும் பிரித்துச் சொல்லும் திறன் மட்டும் இல்லை. நீரேற்று நிலையங்களைக் கண்காணிக்கும் மென்பொருளை எழுதுபவர்கள் முதலில் தீர்க்கவேண்டிய சிக்கல் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, ஒரு நகரம் பம்புகளை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். செங்குன்றம் ஏரியின் தண்ணீர் தானாகவே வழிந்து கீழ்ப்பாக்கத்துக்கு வந்துசேர, அங்கு வடிகட்டி நகருக்குள் ஏற்றும் நீரேற்று நிலையம் 1914இல் அமைந்தது. அன்று ஓர் ஏரி, ஒரு பம்பு நிலையம் என்று எளிமையாக இருந்த அமைப்பு, இன்று பல திசைகளிலிருந்து நீர் வந்துசேரும் பெரும் வலையாகிவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளோடு, 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தொடங்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் சேர்ந்தன. 2004இல் செயலுக்கு வந்த திட்டத்தில் வீராணம் ஏரியின் தண்ணீர் வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, காடாம்புலியூரில் உள்ள தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் குழாயில் பயணித்துப் போரூரை அடைகிறது. நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் என்பது அத்திட்டத்தின் கொள்ளளவு. இப்படி வரும் நீர் பகிர்மான நிலையங்களின் தரைமட்டத் தொட்டிகளில் சேர்ந்து, அங்குள்ள பம்புகளால் மீண்டும் அழுத்தப்பட்டுத்தான் தெருக் குழாய்களுக்குப் போகிறது.

குடிநீர் இதில் பாதிக் கதைதான். சென்னை தட்டையான கடற்கரை நகரம். கழிவுநீர்க் குழாய் தானாக வழிந்தோட வேண்டுமானால் அது சரிந்துகொண்டே போகவேண்டும். தரை சரியாததால் குழாய் மட்டும் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகிறது. ஓர் அளவுக்கு மேல் தோண்ட முடியாத இடத்தில் கிணறு அமைத்துக் கழிவுநீரை மேலே தூக்கி, அடுத்த குழாயில் விடவேண்டும். நகரெங்கும் கழிவுநீர் உந்து நிலையங்கள் பரவியிருப்பது இதனால்தான். குடிநீர்ப் பம்பு நின்றால் மக்கள் உடனே கேட்பார்கள். கழிவுநீர்ப் பம்பு நின்றாலோ, ஆள்நுழைவுத் துளை வழியாகத் தெருவில் பொங்கும் வரை வெளியே எவருக்கும் தெரியாது.

இத்தனை நிலையங்களையும் ஓரிடத்திலிருந்து பார்க்கும் ஏற்பாட்டைத் துறையில் உள்ளவர்கள் ஸ்கேடா என்பார்கள். அதன் கட்டமைப்பைப் பம்பு அறையிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதே நல்லது. நீர்மட்டம், குழாய் அழுத்தம், ஓட்டம், மோட்டாரின் ஆம்பியர் ஆகியவற்றை உணரிகள் அளக்கின்றன. பேனல் போர்டில் இருக்கும் பிஎல்சி என்ற சிறு கணினி அந்த அளவுகளைப் படித்து, மட்டம் குறைந்தால் மோட்டாரை நிறுத்துவது போன்ற உடனடி முடிவுகளை அங்கேயே எடுக்கிறது. கைபேசிச் சிம்முடன் கூடிய மோடமோ வானொலிக் கருவியோ இந்த அளவுகளை மையத்துக்கு அனுப்புகிறது. மையத்தின் சர்வர் அவற்றைச் சேமித்து, திரையிலும் எச்சரிக்கையிலும் அறிக்கையிலும் தருகிறது. மென்பொருள் எழுதுபவரின் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே. பிழைகளோ முந்தைய கட்டங்களில் பிறந்து, இங்கே வந்து உண்மை போலத் தோற்றம் கொள்கின்றன.

கருவியியல் பொறியாளர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். உணரியிலிருந்து பேனலுக்கு வரும் மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியரிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை இருப்பது இத்துறையின் பொது வழக்கம். தொட்டி காலியாக இருந்தால் 4, நிறைந்திருந்தால் 20. காலித் தொட்டிக்கு ஏன் பூஜ்யம் வைக்கவில்லை? கம்பி அறுந்தால்தான் பூஜ்யம் வரவேண்டும் என்பதற்காக. மின்னணுக் கருவிகளுக்கு முன்பு அழுத்தக் காற்றால் செய்தி அனுப்பிய காலத்திலும், அளவுகோல் 3 முதல் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை என்றே இருந்தது. அங்கும் காற்றுக் குழாய் பிய்ந்தால் அளவு 3க்குக் கீழே விழுந்து, பிய்ந்ததைக் காட்டிவிடும். எதுவும் இல்லை என்பதையும் எதுவும் தெரியவில்லை என்பதையும் இப்படி ஒரே கம்பியில் பிரித்துக் காட்டினார்கள். அந்தச் சமிக்ஞை எண்ணாக மாறிக் கணினிக்குள் நுழையும்போது இந்தப் பிரிவினை தொலைந்துபோகிறது. 3.2 மில்லி ஆம்பியர் வந்தால், அவசரத்தில் எழுதப்பட்ட நிரல் அதை "மைனஸ் 5 சதவீதம்" என்று கணக்கிட்டு, எதிர்மறை எண் அசிங்கமாக இருக்கிறதென்று பூஜ்யமாக்கிவிடுகிறது. அந்த வரியை எழுதியவருக்குத் தெரியாமலேயே, பழுதான கம்பி ஒன்று காலித் தொட்டியாகிவிட்டது.

அடுத்த கட்டம் பிஎல்சியிடமிருந்து எண்களைப் பெறுவது. இன்றும் பம்பு அறைகளில் மிகுதியாகப் புழங்கும் மொழி 1979இல் வந்த மோட்பஸ். எளிமையானது, மலிவானது, எல்லாக் கருவிகளுக்கும் தெரிந்தது. ஆனால் அது தருவது வெறும் எண். அந்த எண் எப்போது அளக்கப்பட்டது, அதை நம்பலாமா என்ற விவரம் அதோடு வராது. அதில் எண்ணை வைக்கும் இடமான ஒவ்வொரு பதிவேடும் 16 பிட் அளவுடையது என்பதால் 65,535க்கு மேல் எண்ண இயலாது. ஆகவே ஓட்டமானியின் மொத்தக் கணக்கு போன்ற பெரிய எண்கள் இரண்டு பதிவேடுகளில் பாதி பாதியாக வைக்கப்படுகின்றன. எந்தப் பாதி முதலில் என்பதில் ஒரு தயாரிப்பாளர் ஒரு முறையையும் இன்னொருவர் வேறு முறையையும் பின்பற்றுகிறார். வரிசை மாறினால், 1,00,000 கிலோலிட்டர் என்று காட்டவேண்டிய மானி 225 கோடியே 86 லட்சத்துக்கு மேல் காட்டும். இது கண்ணில் பட்டுவிடும் பிழை, ஆகவே ஆபத்தும் குறைவு. மொத்தக் கணக்கு இன்னும் சிறியதாக இருக்கும் புதிய மானியில், மேல் பாதியை அடியோடு விட்டுவிட்டுக் கீழ்ப் பாதியை மட்டும் படித்தாலும் பல வாரங்களுக்குச் சரியான எண்ணே வரும். 65,535ஐத் தாண்டும் நாளில் கணக்கு திடீரெனப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அன்று அந்த நிலையம் தண்ணீரே ஏற்றவில்லை என்று மாத அறிக்கை சொல்லும். ஒவ்வொரு நிலையத்திலும் பம்பு அறையில் நின்று, மானியின் முகத்தில் தெரியும் எண்ணையும் திரையில் தெரியும் எண்ணையும் ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகே அதை அமைப்பில் சேர்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அலுவலகத்தில் உட்கார்ந்தபடி இதைச் செய்துமுடிக்க முடியாது.

செய்தி மையத்துக்கு வரும் வழியில் வேறொரு கண்ணி இருக்கிறது. இன்று இத்தகைய அமைப்புகளில் பரவலாகப் பயன்படும் எம்கியூடிடி என்ற, கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை, 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவானது. இணைப்பு மெலிந்த இடங்களுக்கு மிகப் பொருத்தமானது. அதில் கடைசிச் செய்தியைத் தக்கவைத்துப் புதிதாக இணைபவர்களுக்குத் தரும் வசதி உண்டு. திரையைத் திறந்தவுடன் எண் தெரிவதற்கு அது உதவும்தான். ஆனால் அனுப்பிய கருவி இறந்து மூன்று நாள் ஆகியிருந்தாலும் அதே எண் அப்படியே வந்து நிற்கும். இதற்கு மாற்றும் அதே நெறிமுறையிலேயே இருக்கிறது. "நான் சொல்லாமல் மறைந்துபோனால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அறிவித்துவிடு" என்று கருவி முன்கூட்டியே உயில் எழுதி வைக்கலாம். அதை எழுதிவைக்காத அமைப்புகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனவே தரவுத்தளத்தில் ஓர் அளவு தனியாகச் சேரக்கூடாது. அளந்த நேரம், மையத்துக்கு வந்துசேர்ந்த நேரம், நம்பகத்தன்மை ஆகிய மூன்றும் அதோடு சேர்ந்தே பதியவேண்டும். நல்லது, ஐயத்துக்குரியது, கெட்டது என்று அளவைத் தரம்பிரிக்கும் முறை தொழிற்சாலை நெறிமுறையான ஓபிசியில் ஏற்கெனவே இருப்பதுதான். திரையிலும் அது தெரியவேண்டும். ஓர் எண் உரிய நேரத்துக்குள் புதுப்பிக்கப்படாவிட்டால் அது பச்சையாகவும் இருக்கக்கூடாது, சிவப்பாகவும் இருக்கக்கூடாது. சாம்பல் நிறமாகி, "கடைசியாக அறிந்தது: 2.40 மீ., 7 மணி நேரத்துக்கு முன்" என்று காட்டவேண்டும். அந்த ஊரின் திரையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால், இரவுப் பணியில் இருந்தவர் பம்பு அறைக்கு ஒரு தொலைபேசி செய்திருப்பார்.

இரண்டு நேரங்கள் எதற்கு என்று கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசி இணைப்பும் சேர்ந்தே போயின. நகரத்துக்குக் கழிவுநீர்ப் பம்புகளின் நிலை மிக அவசரமாகத் தெரியவேண்டிய வேளையில்தான் இணைப்பு அறும். அப்போது நிலையத்துக் கருவி அளவுகளைத் தன்னிடமே சேர்த்துவைத்து, இணைப்பு மீண்டதும் மொத்தமாக அனுப்பும். வந்துசேர்ந்த நேரத்தை மட்டும் பதிவுசெய்யும் மென்பொருள், பத்து மணி நேரத்து அளவுகளை ஒரே நிமிடத்தில் நடந்தவையாக எழுதி, அந்த இரவின் வரலாற்றையே அழித்துவிடும். அளந்த நேரத்தை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு. கருவியின் கடிகார பேட்டரி தீர்ந்திருந்தால், அளவுகள், கணினிக் கடிகாரங்கள் பல எண்ணத் தொடங்கும் நாளான 1970 ஜனவரி 1 என்ற தேதியோடு வரலாம். இரண்டையும் வைத்திருந்தால்தான் எது தவறு என்று கண்டுபிடிக்கலாம்.

நம்பத்தக்க அளவுகள் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த மென்பொருளின் உண்மையான பயன் வெளிப்படுகிறது. குடிநீர் ஏற்றும் வழக்கமான மையவிலக்குப் பம்பு ஒன்றின் அழுத்தம், ஓட்டம், ஆம்பியர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பம்பு தன் நிலையைத் தானே சொல்லிவிடும். அழுத்தம் விழுந்து, ஓட்டமும் ஆம்பியரும் ஏறினால், வெளியே எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. எதிர்ப்பு குறைந்ததால் பம்பு கூடுதல் தண்ணீரைத் தள்ளுகிறது, மோட்டார் கூடுதல் பாரம் சுமக்கிறது. அழுத்தத்தோடு ஆம்பியரும் சேர்ந்து விழுந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று புகுந்துவிட்டது, அல்லது சம்ப்பில் தண்ணீர் இல்லை. மோட்டார் வெறுமனே சுழல்கிறது, தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் விரைவில் கருகும். அழுத்தம் ஏறி, ஓட்டமும் ஆம்பியரும் குறைந்தால் யாரோ வால்வை மூடியிருக்கிறார்கள். கழிவுநீர்ப் பம்பில் துணி சிக்கினால் ஆம்பியர் ஏறும், ஓட்டம் குறையும். அனுபவமுள்ள பம்பு இயக்குபவர்கள் இதே செய்திகளை மோட்டாரின் சத்தத்திலிருந்தே அறிந்துகொள்வார்கள். மென்பொருள் அவர்களிடம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, இரவில் ஆளில்லாத நிலையங்களிலும் அந்தக் காதாக இருக்கமுடியும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. மூன்று அளவுகளும் ஒரே நொடியில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே. ஆம்பியர் இப்போதையது, அழுத்தம் அரை மணி நேரத்துக்கு முந்தையது என்றால், இல்லாத குழாய் உடைப்பைத் தேடி ஊழியர்கள் நள்ளிரவில் அலையவேண்டியிருக்கும்.

மெதுவாக நடக்கும் தேய்மானமும் இப்படியே தெரியவரும். 1,000 கிலோலிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இயற்பியல் கணக்குப்படி ஏறத்தாழ 82 யூனிட் மின்சாரம் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனோடு இயங்கினால் 117 யூனிட் ஆகும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேயத் தேய இந்த எண் மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏறும். அது 140ஐத் தொட்டால் திறன் 58 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் ஏற்றும் நிலையத்தில் அது தினமும் 230 யூனிட் வீண். பம்பு ஓடிக்கொண்டேயிருப்பதால் இதை எவரும் பழுதென்று கருதுவதில்லை.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அளவு வரவேண்டும் என்ற கேள்விக்கு, "15 நிமிடத்துக்கு ஒருமுறை போதும்" என்று ஒப்பந்தப் புள்ளியில் யோசிக்காமல் எழுதிவிடுவார்கள். மேல்நிலைத் தொட்டிக்கு அது போதலாம். 10 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயர 785 லிட்டர் வேண்டும், ஆகவே மட்டம் மெதுவாகவே நகரும். கழிவுநீர்க் கிணற்றின் கதை வேறு. 6 மீட்டர் விட்டமுள்ள கிணற்றுக்குள் நொடிக்கு 50 லிட்டர் வந்துகொண்டிருக்கும்போது பம்புகள் நின்றால், மட்டம் ஒன்பதரை நிமிடத்துக்குள் ஒரு மீட்டர் ஏறிவிடும். இரண்டு அளவுகளுக்கு இடையிலேயே கிணறு பொங்கிவிடலாம். இந்த எளிய கணக்கை ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே போட்டுப் பார்க்கவேண்டும். கழிவுநீர்க் கிணற்றில் உணரிகளுக்கும் கடினமான வாழ்க்கைதான். மேலிருந்து ஒலியலை அனுப்பி அளக்கும் கருவி நுரையைத் தண்ணீராக எண்ணிக்கொள்ளும், உள்ளே மூழ்கியிருக்கும் அழுத்த உணரியை எண்ணெய்ப் பிசுக்கு அடைக்கும். அதனால் ஆபத்து மட்டத்தில் தனியாக ஒரு மிதவை ஸ்விட்ச் இருப்பது அவசியம். உணரி 1.8 மீட்டர் என்றும் மிதவை ஆபத்து என்றும் ஒரே நேரத்தில் சொன்னால், மென்பொருள் மிதவையை நம்பி எச்சரிக்கை எழுப்பி, உணரியின் அளவை ஐயத்துக்குரியதாகக் குறிக்கவேண்டும்.

எச்சரிக்கைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு துணைமின் நிலையத்தில் மின்தடை ஏற்பட்டால், அதை நம்பியுள்ள எல்லா நிலையங்களிலிருந்தும் மோட்டார் நின்றது, அழுத்தம் குறைந்தது, ஓட்டம் இல்லை, இணைப்பு இல்லை என்று ஒரே நிமிடத்தில் நூறு எச்சரிக்கைகள் கொட்டும். ஒருவரால் கவனித்துச் செயல்படக்கூடிய வேகம் பத்து நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கை என்பது தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு. நூறையும் "இப்பகுதியில் மின்சாரம் இல்லை, இன்னின்ன கழிவுநீர்க் கிணறுகள் இன்ன நேரத்தில் நிரம்பும்" என்ற ஒரே செய்தியாகத் திரட்டித் தந்தால், ஜெனரேட்டர் வண்டியை முதலில் எங்கே அனுப்புவது என்று பணியில் இருப்பவர் முடிவெடுக்க முடியும்.

பார்ப்பதோடு நிற்பதா, மையத்திலிருந்தே பம்பை இயக்கவும் வழி தருவதா என்பது பெரிய விவாதம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் உள்ள மரூச்சி என்ற பகுதியில் 142 கழிவுநீர் உந்து நிலையங்கள் வானொலி இணைப்பில் இயங்கிவந்தன. அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மடிக்கணினியும் வானொலிக் கருவியும் கொண்டு பலமுறை அதற்குள் நுழைந்தார். ஓடவேண்டிய பம்புகள் ஓடவில்லை, மையத்துக்கு வரவேண்டிய எச்சரிக்கைகள் வரவில்லை. ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் ஓடைகளிலும் பூங்காக்களிலும் கலந்தது. பம்புகளை நிறுத்தியது ஒரு தீங்கு என்றால், அவை நின்ற செய்தியையும் நிறுத்தியது அதைவிடப் பெரிய தீங்கு. முதலில் அதைக் கருவிக் கோளாறு என்றே நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து அலிக்விப்பா நகரில், அழுத்தம் கூட்டும் நிலையம் ஒன்றின் பிஎல்சி தாக்கப்பட்டது. எச்சரிக்கை எழுந்தவுடன் ஊழியர்கள் அதைத் துண்டித்துக் கைமுறை இயக்கத்துக்கு மாறியதால் குடிநீருக்குப் பாதிப்பு வரவில்லை. தாக்குதலுக்கு உள்ளான அந்த வகைக் கருவிகள் பலவற்றில், ஆலையிலிருந்து வந்த 1111 என்ற கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்ததாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது, ஒரு நகரம் முதல் சில ஆண்டுகளுக்குக் கண்காணிப்பை மட்டும் செய்வதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டளை எந்த வழியாகப் போனாலும், தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்துவது போன்ற பாதுகாப்புகள் பம்பு அறையின் பிஎல்சியிலேயே இருக்கவேண்டும். மையத்து மென்பொருளுக்கு அவற்றை மீறும் அதிகாரம் இருக்கக்கூடாது. இணைப்பு அறுந்த நகரத்திலும் பம்புகள் தம்பாட்டுக்கு ஓடவேண்டும்.

கடைசியாக, பம்பு அறையில் மேசைமீது இருக்கும் லாக் புத்தகம். மணிக்கொரு முறை வோல்ட், ஆம்பியர், அழுத்தம், மட்டம் ஆகியவற்றைக் கையால் எழுதும் அந்தப் புத்தகத்தை, மென்பொருள் வந்த மறுநாளே நிறுத்திவிடச் சொல்பவர்கள் உண்டு. அதை மென்பொருளுக்குள் கொண்டுவரவேண்டும் என்று நான் சொல்வேன். இயக்குபவர் தன் கைபேசியில், தமிழில், தான் கண்ணால் பார்த்த அளவைப் பதிவுசெய்ய ஒரு பக்கம் போதும். "2ஆம் நம்பர் மோட்டார்" என்றோ "பழைய மோட்டார்" என்றோ அந்த நிலையத்தில் எப்படி அழைக்கிறார்களோ அந்தப் பெயரே அதில் இருக்கவேண்டும். உணரி 2.40 என்கிறது, ஏணியில் ஏறிப் பார்த்தவர் 3.90 என்கிறார் என்றால், திரையில் இரண்டும் அருகருகே தெரியவேண்டும், உணரியைச் சரிபார்க்கும் பணியாணை அவரது பதிவிலிருந்தே தொடங்கவேண்டும். அந்த ஊரில் மோடத்தை மாற்றியபின் நாங்கள் முதலில் சேர்த்தது இந்தப் பக்கத்தைத்தான். அந்த இயக்குபவர் மறுநாளிலிருந்து இரவு 10 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் ஏணியில் ஏறி அளவு எழுதத் தொடங்கினார்.